ஒரு கன்னம், ரெண்டு குறி

துப்பாக்கி வாங்கியிருக்கியா கண்ணு, நெம்ப சந்தோசம். டெக்சாஸ்ல லைசென்ஸ் எடுத்தா மான் சுடலாமாமே. போய்ட்டு வா. இங்க 1972-ல வனவிலங்குச் சட்டம் வந்ததோட அந்தச் சோலி முடிஞ்சுது. இன்னைக்கு நம்ம காட்டுக்குள்ள துப்பாக்கியத் தூக்கிட்டு ஒரு காலை வெச்சுப் பாரு, நேரா மாமியார் வூடுதான். அதனால இந்தப் பேச்சு உன்ற ஊருக்கு, உன்ற துப்பாக்கிக்கு. நான் வேட்டைக்காரன் இல்லை. பட்டாளத்துல துப்பாக்கிப் பழுது பாக்கற ஆர்மரரு. சுட்டவன் பெருமைய நான் பாத்தது கம்மி. ஒடைஞ்ச சாமானைக் கையில புடிச்சுக்கிட்டுத் தலையச் சொறிஞ்சு நின்னவன் மொகத்தைத்தான் நெம்பப் பாத்திருக்கேன்.

அது கெடக்கட்டும். அந்தத் துப்பாக்கி மேல என்னத்தையெல்லாம் ஏத்தி வெச்சிருக்கே? முன்னால ஒரு முத்துக் குறி. நடுவுல வெட்டுப் போட்ட பின்குறி. அதுக்கு மேல முழங்கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் கொழாய். அதுக்குப் பக்கத்துல சாச்சு மாட்டுன இன்னொரு ஜோடி இரும்பு. கீழ செவப்பு லேசரு. ஏஞ்சாமி, சுடப் போறது ஒத்தை மானையா, இல்லை அதோட ஒறம்பரை அத்தனை பேரையுமா?

"ஸ்கோப்பு ஒடைஞ்சா இரும்புக் குறி கை குடுக்குமுங்க அப்பாரு"ங்கறே. நல்ல ரோசனைதான். அந்த இரும்புக் குறியில ஒரு தோட்டாவாச்சும் சுட்டுப் பாத்தியா? இல்லையா? அப்புறம் அது எப்படிடா கை குடுக்கும்?

மொதல்ல இரும்பைப் பாப்போம். பின்னால ஒரு வெட்டு, முன்னால ஒரு முத்து, அதுக்கு அப்பால மானு. மூணும் ஒரே கோட்டுல நிக்கோணும். கேக்க லேசு. ஆனா கண்ணு ஒரு நேரத்துல ஒரு தூரத்தைத்தான் தெளிவாப் பாக்கும். பின்குறி மூக்குக்குக் கிட்டக்க, முன்குறி கைக்கு எட்டாத தூரத்துல, மானு 80 கெஜத்துல. எதைப் பாப்பே? முன்குறியப் பாரு, மத்த ரெண்டும் மங்கலா இருந்துட்டுப் போகட்டும்னு பட்டாளத்துல மொத நாளே காதைத் திருகிச் சொல்லிருவாங்க. எளவட்டமா இருக்கறப்ப இது பெரிய வெசனமில்லை. நாப்பதைத் தாண்டினா கண்ணுக்குள்ள இருக்கிற லென்சு வெறைச்சுப் போயிரும். மொதல்ல பேப்பரு மங்கும். அப்புறம் பின்குறி மங்கும். அன்னைக்கு வேட்டைக்காரன் என்ன சொல்லுவான் தெரியுமா? துப்பாக்கி செரியில்லைம்பான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

அதுக்கும் ஒரு கைவைத்தியம் உண்டு. பின்குறியில வெட்டுக்குப் பதிலா வட்டமா ஒரு ஓட்டைய வெச்சு, அதைக் கண்ணுக்குக் கிட்டக்கக் கொண்டாந்துட்டாப் போதும். ஓட்டைய நீ பாக்க வேண்டாம், ஓட்டை வழியாப் பாரு. முன்குறி நட்ட நடுவுல வந்து நிக்கறதைக் கண்ணே பாத்துக்கும். சின்ன ஓட்டை வழியாப் பாத்தா மங்கலும் கொறையும். ரெண்டாம் உலகப் போர்ல வந்த 303, நாலாம் நம்பர் துப்பாக்கியில இந்த ஓட்டைக் குறிதான். வயசாளிகளுக்கு நான் மொதல்ல இதைத்தான் சொல்லுவேன். மலிவு, ஒடையாது, பேட்டரி கேக்காது.

ஸ்கோப்பு இல்லாம எவன் குறி பாப்பான்னு கேக்கறியே, கடலூர்ல பொறந்த பொண்ணு ஒண்ணு இருக்குது, எலவேனில் வாலறிவன்னு பேரு. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்ல உலகக் கோப்பைத் தங்கம் வாங்குனது. அந்தப் போட்டியில பெருசாக் காட்டற கண்ணாடி வெக்கப்படாது, வெறும் ஓட்டைக் குறிதான். அதுல பத்துப் புள்ளி எவ்வளவு பெருசு தெரியுமா? அரை மில்லிமீட்டர். உன்ற மானு நெஞ்சுல ஒரு சோத்து வட்டல் அகலத்துக்கு எடம் இருக்குது. அதை 80 கெஜத்துல அடிக்கறதுக்கு உனக்கு இருபத்துநாலு மடங்கு கண்ணாடி வேணுமாக்கும்?

ஆனாக்க ஒண்ணு, நான் ஒருதலையாப் பேசப்படாது. அந்தப் புள்ளை சுடறது வெளிச்சம் போட்ட கூடத்துக்குள்ள, வெள்ளைக் காயிதத்துல கறுப்புப் பொட்டை. உன்ற மானு பழுப்பு. அது நிக்கற பொதரும் பழுப்பு. அது வெளிய வர்றது பொழுது சாயற நேரத்துல. உங்கூர்ல சூரியன் மறைஞ்சும் அரை மணி நேரம் சுடலாமுன்னு பல மாநிலத்துல சட்டமே வெச்சிருக்காங்க. அந்த அரை மணி நேரத்துல முன்குறி முத்து எங்க தெரியும்? கறுப்புக்குள்ள கறுப்பா மறைஞ்சு போயிரும். ஸ்கோப்பு அங்கதான் சம்பளம் வாங்குது. மானும் குறிக்கோடும் ஒரே தூரத்துல இருக்கிற கணக்காக் கண்ணுக்குத் தெரியும். மூணை ஒண்ணாக்கற வேலை மிச்சம். கண்ணு மங்குனவனும் சுடலாம். கொம்பு இருக்குதா, பொட்டையா, பின்னால எவனாச்சும் நிக்கறானான்னு பாத்துச் சுடலாம்.

நில்லு, இதைச் சொல்லும்போதே இன்னொண்ணும் சொல்லிப் போடறேன். பொதர்ல என்னமோ அசையுதுன்னு ஸ்கோப்பைத் தூக்கிப் பாக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுரு. அது தூரத்துக் கண்ணாடி இல்லை. அதோட அடியில ஒரு கொழல் இருக்குது, அதுக்குள்ள தோட்டா இருக்குது. அசையறது பக்கத்துத் தோட்டத்துக்காரனா இருந்தா அவன் நெஞ்சுக்கு நேரா நீ துப்பாக்கிய நீட்டிட்டு நிக்கறேன்னு அர்த்தம். பாக்கறதுக்கு பைனாகுலர் தனியாத் தொங்கட்டும் கழுத்துல.

இந்தக் கண்ணாடிப் பொழப்பு ஒண்ணும் ஆதியிலிருந்து இல்லை. ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல சம்பாவத் ஆட்கொல்லிப் புலியச் சுட்டதுக்குப் பரிசாக் குடுத்தது ரிக்பி கம்பெனித் துப்பாக்கி. அதுல வெறும் இரும்புக் குறி. நம்ம தர்மபுரி, சேலம் பக்கத்து மலையெல்லாம் சுத்துன கென்னத் ஆண்டர்சன் வெச்சிருந்தது 405 வின்செஸ்டர். அதுலயும் இரும்புதான். ராத்திரிப் பரண்ல உக்கார அவரு துப்பாக்கியில டார்ச்சு லைட்டை மாட்டிக்கிட்டாரு, அவ்வளவுதான் சோடனை. ஏன் ஸ்கோப்பு வெக்கலை? இன்னைக்கு நெனைக்கிற கணக்கா அன்னைக்கு அது கைக்கு எட்டற சாமானில்லை, நம்பற சாமானுமில்லை. மழை பேஞ்சா உள்ள ஆவி கட்டிக்கும். பொதர் இடிச்சாக் குறி ஓடிரும். அமெரிக்காவுல வீவர்னு ஒருத்தரு 1930-ல 19 டாலருக்கு ஒரு ஸ்கோப்பைக் கொண்டாந்த பிற்பாடுதான் சாதாரண விவசாயி அதைத் தொட்டே பாத்தான். ஆவி கட்டாம உள்ள நைட்ரஜனை அடைக்கிற வித்தை இன்னும் கொஞ்சம் காலம் கழிச்சு வந்துச்சு. அந்தச் சந்தேக காலத்துல பொறந்த பழக்கந்தான் கண்ணு இது: ஸ்கோப்பு இருக்கட்டும், ஆனா இரும்பைக் கழட்ட வேண்டாமுன்னு. அன்னைக்கு அது புத்தி. இன்னைக்கு என்னன்னு பாக்கலாம்.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன், காதைக் குடு. குறி பாக்கறது கண்ணுன்னு நீ நெனைக்கறே. இல்லை. கன்னம். பின்கட்டையில கன்னம் எங்க படியுதோ அங்கதான் கண்ணு நிக்கும். கண்ணு எங்க நிக்குதோ அதுக்கு நேரா இருக்கிற குறிதான் உன்ற குறி. இரும்புக் குறி கொழலோட நடுக்கோட்டுக்கு முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் மேல இருக்கும். ஸ்கோப்போட நடு, எவ்வளவு தணிச்சு மாட்டுனாலும், ஏறத்தாழ ஒண்ணரை அங்குலம் மேல இருக்கும். கட்டை ஒண்ணு. கன்னம் ஒண்ணு. ஒசரம் மட்டும் ரெண்டு. எங்க வெப்பே கன்னத்தை?

இரும்புக்குச் செஞ்ச கட்டையில ஸ்கோப்பை மாட்டுனா, கன்னத்தைத் தூக்கித் தாடையக் கட்டையில முட்டுக் குடுத்துக்கிட்டுச் சுடுவே. ஸ்கோப்புக்குச் செஞ்ச ஒசந்த கட்டையில இரும்பைப் பாக்கோணுமுன்னா, கன்னத்தைக் கட்டைக்குள்ள அமுக்கோணும். உதைக்கும்போது கன்னத்து எலும்புக்குத் தெரியும் அந்த அமுக்கல்.

இது உன்ற ஊர் கடைக்காரனுக்குத் தெரியாத ரகசியமில்லை. பெரிய பெரிய பட்டாளமே இதுல மண்டைய ஒடைச்சுருக்குது. வெள்ளைக்காரன் அந்த நாலாம் நம்பர் 303-ஐத் தொலைநோக்கித் துப்பாக்கியா மாத்துனான். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்னு பேர் போன கம்பெனிதான் மாத்திக் குடுத்துது. மூணரை மடங்கு ஸ்கோப்பை எடது பக்கத்துத் தகட்டுல ரெண்டு திருகால மாட்டுனாங்க. அப்புறம் என்ன பண்ணுனாங்க தெரியுமா? பின்கட்டை மேல ஒரு மரத்துண்டை வெச்சுத் திருகிப்போட்டாங்க. கன்னம் ஏறி நிக்கறதுக்கொசரம். அவ்வளவுதான் விஞ்ஞானம், ஒரு மரத்துண்டு! பின்குறியில சண்டைக்குன்னு வெச்ச பெரிய ஓட்டை ஸ்கோப்புக்கு இடிச்சுதுன்னு அதை ராவித் தள்ளிட்டாங்க. தூக்கி நிறுத்தற சின்ன ஓட்டைக் குறிய மட்டும், ஸ்கோப்பு போனா ஆகுமுன்னு, விட்டு வெச்சாங்க.

அமெரிக்காக்காரனோட கேரண்டுங்கற துப்பாக்கியில இன்னொரு கூத்து. எட்டுத் தோட்டாவை ஒரே கொத்தா மேலாலதான் திணிக்கோணும். மேல ஸ்கோப்பு இருந்தா எங்க திணிக்கறது? ஸ்கோப்பை எடது பக்கம் ஒதுக்கி மாட்டுனான். இரும்புக் குறிக்கு வழி விட்ட புண்ணியமும் ஆச்சு. ஆனா கண்ணு எடது பக்கம் போகோணுமே? கட்டையில தோல் மெத்தை ஒண்ணைக் கட்டிவிட்டான். அதே அமெரிக்காக்காரன் 1903ஏ4-ன்னு ஒரு துப்பாக்கியில இந்த வம்பே வேண்டாமுன்னு இரும்பை மொத்தமாத் தூக்கி எறிஞ்சுட்டு, வேட்டைக்காரன் கடையில வாங்குற வீவர் ஸ்கோப்பையே மாட்டிப்புட்டான். மூணு துப்பாக்கி, மூணு ரோசனை. எதுலயாச்சும் ஒரே கன்னத்துக்கு ரெண்டு குறியும் சொகமா அமைஞ்சுதா? இல்லை. ஒண்ணுக்குச் சொகம், இன்னொண்ணுக்குச் சமாளிப்பு.

இதை வீட்லயே சோதிச்சுப் பாரு. தோட்டா இல்லைன்னு ரெண்டு தரம் பாத்துக்க. மூணாந்தரமும் பாரு, தப்பில்லை. கண்ணை மூடிக்க. துப்பாக்கியத் தோளுக்கு எடுத்து, கன்னத்தை அதுபாட்டுக்குச் சொகமாப் படிய விடு. இப்பக் கண்ணைத் தொற. எது நேராத் தெரியுது? ஸ்கோப்புல வட்டம் முழுசாத் தெரிஞ்சா அது ஸ்கோப்புக் கட்டை. வட்டத்துல பாதி கறுப்பா அடைச்சு நின்னா கட்டை உனக்கோ ஸ்கோப்புக்கோ ஆகலை. ஸ்கோப்பைக் கழட்டிட்டு மறுபடி செய். முன்குறி முத்து வெட்டுக்குள்ள வந்து உக்காந்துதா, இல்லை வெட்டுக்கு மேல மெதக்குதா? இந்தச் சோதனைக்குக் காசு எவ்வளவு? ஒத்தைப் பைசா இல்லை. அதனாலதான் எவனும் பண்றதில்லை.

இந்த ரெட்டை ஆசைக்கு மருந்துன்னு ஒண்ணு விக்கறான் பாரு, அடியில ஜன்னல் வெச்ச மவுண்ட்டு. ஸ்கோப்பை ரெண்டு அங்குலத்துக்கும் மேல தூக்கி வெச்சு, கால்களுக்கு நடுவால இரும்புக் குறியப் பாத்துக்கலாமாம். மாட்டு வண்டி மேல பரண் கட்டி, பரண் மேல உக்காந்து ஓட்டறவன் கணக்குத்தான் இது. வண்டியும் ஓடும், அவனுக்கும் ஊரெல்லாம் தெரியும், மொதப் பள்ளத்துல எறங்கறப்பத்தான் சேதி தெரியும். கன்னம் கட்டையத் தொடவே தொடாது, தாடை மட்டுந்தான் தொடும். ஒசந்து நிக்கற ஸ்கோப்பு கெளையில மாட்டும், ஜீப்புக் கதவுல இடிக்கும். ஒசரம் கூடக் கூட இடியும் பலமா விழும், திருகு தளரும். அடியில ஜன்னல் இருக்குதுன்னு சொன்னானே, அதுல பாத்தா மேல ஸ்கோப்பும் ரெண்டு பக்கமும் காலும் அடைச்சுக்கிட்டு, தொட்டில் துணிக்குள்ளாற இருந்து எட்டிப் பாக்கற கொழந்தைக்குத் தெரியற அளவுக்குத்தான் உலகம் தெரியும். ரெண்டும் வேணுமுன்னு போயி ரெண்டையும் பாதியா வாங்கிட்டு வர்றது இதுதான்.

இன்னொரு வம்பும் இருக்குது, ஆர்மரருகளுக்கு நல்லாத் தெரியும். பாறை மேல, வண்டி பானெட்டு மேல துப்பாக்கிய வெச்சுச் சுடுவான். ஸ்கோப்பு வழியாப் பாத்தா மானு பளிச்சுன்னு தெரியும், குறுக்க ஒண்ணும் இருக்காது. கொழலோ ஒண்ணரை அங்குலத்துக்குக் கீழ இருக்குது. அதுக்கு முன்னால பாறை இருக்குது. கண்ணு பாத்துது மானை, தோட்டா பாத்துது கல்லை. ஸ்கோப்பைத் தூக்கத் தூக்க இந்தக் கூத்து அதிகமாகும். பத்து கெஜத்துல ஒரு குச்சிய அடிச்சுக் காட்டறேன்னு சவால் விடாதே. அந்தத் தூரத்துல தோட்டா குறிக்கோட்டுக்கு அங்குலத்துக்கும் மேல கீழதான் போகும்.

பெருங்கண்ணாடிக்காரங்களும் இதே குழியிலதான் விழறாங்க. முன்னால 56 மில்லிமீட்டர் வாய் வெச்ச எட்டு மடங்கு ஸ்கோப்பு. பாத்தா கோயில் ஒலிபெருக்கிதான். ஜெர்மனியில அதுக்கு ஞாயம் இருக்குது கண்ணு. அங்க மரப்பரண்ல ஏறி, நெலா வெளிச்சத்துல காட்டுப் பன்னிக்குக் காத்துக் கெடப்பாங்க. 56-ஐ எட்டு மடங்கால வகுத்தா ஏழு. ஏழு மில்லிமீட்டர் வெளிச்சக் கத்தை கண்ணுக்கு வருது, இருட்டுல எளவட்டத்தோட கருவிழி ஓட்டையும் அவ்வளவுதான் விரியும். கணக்கு கச்சிதம். நீ சுடறது மாலை வெளிச்சத்துல. நாலு மடங்கு, 32 மில்லிமீட்டர் ஸ்கோப்பு எட்டு மில்லிமீட்டர் குடுக்குது. அதுக்கு மேல எங்க ஊத்தப் போறே? பெரிய வாய்க்கு ஒசந்த வளையம், ஒசந்த வளையத்துக்கு எட்டாத கன்னம். மறுபடி அதே வெசனம்.

அப்போ இரும்பும் கண்ணாடியும் சேரவே சேராதான்னு கேக்காதே. சேரும். சேத்தவங்க இருக்காங்க. ஆனா அவங்க ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கோணுமுன்னு அடம் புடிக்கலை.

ஆப்பிரிக்காவுல காட்டெருமைக்குப் போறவனைப் பாரு. 375 ஹெச் அண்ட் ஹெச், 1912-ல வந்த தோட்டா, இன்னைக்கும் ஓடுது. தூரத்துல நிக்கறதை ஸ்கோப்பு வெச்சு மொதக் குண்டு. அடிபட்ட எருமை நீளப்புல்லுக்குள்ள போயிருச்சுன்னா? கழட்டிரு ஸ்கோப்பை. நெம்புகோலைத் திருப்புனா வளையத்தோட கையில வந்துரும். பையில போடு. இப்ப மிச்சம் இருக்கறது அகலமான வெட்டும் பெரிய முத்தும். பத்தடியில பாஞ்சு வர்ற எருமைய ஸ்கோப்புல பாத்தா மயிரும் சேறுந்தான் தெரியும். இரும்புல பாத்தா எருமை தெரியும். ஜெர்மன்காரன் கொக்கி வெச்ச மவுண்ட்டுன்னு ஒண்ணு பண்ணுனான், கையால ராவி ராவிப் பொருத்தறது, கழட்டி மாட்டுனாலும் குறி பழைய எடத்துக்கே வந்து நிக்கும். இப்ப அமெரிக்காவுலயே நல்ல நெம்புகோல் மவுண்ட்டு கெடைக்குது. ஒரு ஒசரத்துக்கு ஒரு குறி, கன்னத்துக்கு ஒரே நேரத்துல ஒரே வேலை. கட்டை இரும்புக்குத் தோதா இருக்கும், ஸ்கோப்புக்குத் துளி தலையத் தூக்கிக்குவான். ஏன் இரும்புக்குத் தோது? அவசரம் வர்றது கிட்டத்துலதானே. தூரத்து எருமைக்குத் தலையத் தூக்க நேரம் இருக்குது.

இதுலயும் பகட்டு இல்லாம இல்லை. அந்தக் காலத்து தொரைமாருக பின்குறியில மடக்கற இலை இலையா வெச்சிருப்பாங்க. 100 கெஜத்துக்கு ஒண்ணு, 200-க்கு ஒண்ணு, 300-க்கு ஒண்ணு. ஐநூறு வரைக்கும் செதுக்குன துப்பாக்கியும் உண்டு. முத்து ஒண்ணே 500 கெஜத்துல முழு மானையும் மறைச்சுரும், எதைப் பாத்து எதை அடிக்கறது? நிக்கற இலை ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் மறந்து போனவந்தான் உருப்படியா வேட்டையாடுனான்.

அமெரிக்காவுல ஜெஃப் கூப்பர்னு ஒரு கெழவரு இருந்தாரு, நம்ம சாதி, எல்லாத்தையும் திட்டுவாரு. 1980-கள்ல ஸ்கவுட் துப்பாக்கின்னு ஒரு ரோசனை சொன்னாரு. ஒரு மீட்டருக்கு மிஞ்சாம, மூணு கிலோ கணக்குல, கையடக்கமா ஒண்ணு. சின்ன ஸ்கோப்பு, ரெண்டு ரெண்டரை மடங்கு, அதையும் கண்ணுக்குக் கிட்டக்க வெக்காம முன்னால தள்ளிக் கொழல் மேல தணிச்சு மாட்டறது. ரெண்டு கண்ணையும் தொறந்தே சுடலாம். உதைக்கும்போது ஸ்கோப்பு விளிம்பு புருவத்தைப் பொளக்காது. ஆஸ்திரியாவுல ஸ்டெயர் கம்பெனி 1998-ல அதைச் செஞ்சு வித்துது. இரும்புக் குறி எங்க? துப்பாக்கிக்குள்ளயே மடங்கிக் கெடக்குது. ஸ்கோப்பு ஒடைஞ்சா எந்திரிச்சு நிக்கும். அதுவரைக்கும் கண்ணுல படாது, வாயும் தொறக்காது.

பழைய வின்செஸ்டர் 94 வெச்சிருந்தீன்னா உனக்கு இந்த ரோதனையே இல்லை. சுட்ட தோட்டாக் கூடு நேரா மேலால பறக்கும், நடுவுல ஸ்கோப்பை வெச்சா அதுலயே போய் முட்டும். 1980-கள்ல கம்பெனிக்காரனே கூடு பக்கவாட்டுல போற கணக்கா மாத்துனான். அதுக்கு முந்துன துப்பாக்கின்னா மரியாதையா இரும்பு, இல்லைன்னா ஓட்டைக் குறி. உங்க மாமனார் வூட்டுல கெடக்கற பழைய துப்பாக்கியில ஸ்கோப்பு மாட்டறேன்னு தொளை போட்டு வெக்காதே. தொளை போட்ட மறு நிமிசம் அதோட வெலை பாதியாப் போகும், மாமனாரு பேச்சும் போகும். மார்லின் 336-க்கு மேல மூடி, பக்கவாட்டுல கூடு போகும், அதுல ஸ்கோப்பு தாராளமா நிக்கும். 

ஸ்கோப்பைக் கம்மி மடங்குல வெச்சா கீழ மங்கலா ஒரு நெழலு தெரியுதுன்னு பயந்துக்கறியா? அது உன்ற முன்குறிதான். பேய் இல்லை. ஒரு வாரத்துல கண்ணே அதை மறந்துரும். அதுக்குன்னு ரம்பத்தை எடுத்து முன்குறிய அறுத்துராதே. அறுத்துட்டு வந்து மறுபடி ஒட்டித் தாங்கன்னு நிக்கறவனுக ஆர்மரரு பட்டறையில எந்நாளும் உண்டு.

செரி, உனக்கு என்ன சொல்றது? மரப்பெட்டிக்குள்ள உக்காந்து, தீனி போட்ட எடத்துக்கு வர்ற மானை 80 கெஜத்துல சுடப் போறே. பாஞ்சு வர்ற எருமை இல்லை, கரடி இல்லை, ஜீப்பு அரை மைல்ல நிக்குது. ஸ்கோப்பு ஒடைஞ்சா என்ன ஆகும்? வீட்டுக்குப் போவே, சோறு திம்பே, மறுவாரம் வருவே. உனக்கு இரும்பு ஆபத்பாந்தவனா வேண்டியதில்லை. நாலு மடங்கு ஸ்கோப்பு ஒண்ணு, எவ்வளவு தணிய மாட்ட முடியுமோ அவ்வளவு தணிய. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூணு நாலு அங்குலம் எடம் விட்டு மாட்டு, இல்லைன்னா உதைக்கும்போது புருவத்துல பொறை போட்டுரும். சாச்சு வெச்ச ஜோடியக் கழட்டு. லேசரைப் பூனைக்கு வெளையாட்டுக் காட்டக் குடு. துப்பாக்கியோட வந்த இரும்புக் குறி அது பாட்டுக்கு இருக்கட்டும், தீனி கேக்கப் போறதில்லை. என்னைக்காச்சும் அலாஸ்காவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போறதா இருந்தா, அன்னைக்கு நெம்புகோல் மவுண்ட்டு வாங்கு.

ஆனாக்க இரும்பை வெச்சுக்கறதுன்னு முடிவு பண்ணுனா, அதையும் ஜீரோ பண்ணி, அதாவது குறி பாத்த எடத்துலயே தோட்டா விழற கணக்காத் திருத்தி வெய்யி. ஸ்கோப்பைக் கழட்டு, 50 கெஜத்துல இரும்புல ஒரு பெட்டி தோட்டா சுடு. ஸ்கோப்பை மாட்டு, 100 கெஜத்துல மூணு சுடு. பழைய எடத்துலயே விழுதான்னு பாரு. விழலைன்னா மவுண்ட்டுக்காரனைப் போய்ச் சட்டையப் புடி, என்னைப் புடிக்காதே. ஓட்டை விழுந்த அந்தக் காயிதம் ரெண்டையும் எனக்கு அனுப்பு கண்ணு. துப்பாக்கியோட அழகைப் பத்தி நாலு பக்கம் எழுத வேண்டாம்.